கெணத்தாண்ட ஒரு லத்தீன் டீச்சர்

2008 செப்டம்பர் 28, ஞாயிறு. அன்றைய என் டைரிக் குறிப்பு இது: 'ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டி நிரப்பினேன். பால் இரண்டு பாக்கெட். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை. வெள்ளைச் சட்டை இஸ்திரி. ஏழரைப் பூசை. இரண்டாம் வாசகம் டீச்சர். திரும்பும் வழியில் ஆட்டுக்கறி அரைக் கிலோ.' அவ்வளவுதான். நான் வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தியிருந்தேன். நடந்ததை எழுத டைரியின் ஒரு பக்கம் போதாது. இப்போது எழுதுகிறேன்.

டீச்சரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்பதால் அல்ல. அவர் ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்கு மாடி போர்ஷன் எடுத்துக் குடிவந்தபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னியர் மடத்தில் இருபது வருடத்துக்கும் மேல் இருந்து வெளியே வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா நேரே போய், பேர் என்ன என்று கேட்டார். டீச்சர் சொன்ன பதிலை ஸ்டெல்லா அக்கா அன்று சாயங்காலமே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மடத்தில் வைத்த பெயரை மடத்திலேயே விட்டுவிட்டேன், அதற்கு முன்னால் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது இல்லை, அதனால் டீச்சர் என்று கூப்பிடுங்கள் என்றாராம்.

"ரேஷன் கார்டுல இன்னா டீச்சர்னா போட்ருக்கும்?" என்று ஸ்டெல்லா அக்கா எங்களைக் கேட்டார். எங்களில் யாருக்கும் டீச்சரிடம் போய்க் கேட்கும் தைரியம் இல்லை.

அவர் உண்மையிலேயே டீச்சர்தான். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு குருமடத்தில், சாமியார் ஆகப் படிக்கும் பையன்களுக்கு லத்தீன் கற்றுக்கொடுத்தார். மடம் அவரை ரோமுக்கு அனுப்பிப் படிக்க வைத்திருந்தது. படித்து முடித்து வந்தவர் சில வருடங்களில் மடத்தை விட்டு வந்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம், "நான் எங்கேயும் ஓடிப்போகலை சார், வாசல் வழியாத்தான் வந்தேன்" என்றார்.

நான் அப்போது திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை தினமும் ஒரே பஸ். பெண்கள் பக்கம் அவர், பின் சீட்டில் நான். பருத்திப்பட்டு தாண்டியதும் கூட்டம் குறையும். அப்போது திரும்பி உட்கார்ந்து பேசுவார். நான் லத்தீன் படித்தது கிடையாது, படிக்க ஆசைப்பட்டதும் கிடையாது. ஆனால் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெயர், ஒரு எண், ஓர் இடம் வைத்துப் பழகியவன் என்பதால் அவர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

மற்ற ஆசிரியர்கள் லத்தீனை 'நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய்' என்று ஆரம்பிப்பார்களாம். டீச்சர் ஊர்ப் பெயர்களில் ஆரம்பிப்பார். மற்ற சொற்களுக்கெல்லாம் முன்னால் 'உள்ளே', 'நோக்கி' என்று தனிச் சொல் ஒன்று வேண்டும். ஊர்ப் பெயருக்கு மட்டும் வேண்டாம். அது தானே கொஞ்சம் வளைந்து கொடுத்துவிடும் என்றார். பிலிப்பி என்ற ஊரை உதாரணம் காட்டுவார். பிலிப்பி, அந்த ஊர். பிலிப்போஸ், அந்த ஊருக்கு. பிலிப்பீஸ், அந்த ஊரில். இதை அவர் ஒருநாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க, கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, "அது இன்னா ஸ்டாப்பிங் மேடம், நம்ம ரூட்ல கீதா?" என்று கேட்டார். டீச்சர் அலட்டிக்கொள்ளாமல், "கடல் தாண்டணும்ப்பா, காடுவெட்டிக்கு அப்புறம்" என்றார்.

அந்த ஊரின் கதையை அவர் எனக்குச் சொன்னது அந்தப் பஸ்ஸில்தான். கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே நல்ல தண்ணீரைப் பார்த்து, ஊருக்குக் கிரெனிதெஸ் என்று பெயர் வைத்தார்கள். ஊற்றுகள் என்று பொருள். பக்கத்து மலையில் தங்கம் இருந்தது. மாசிடோனிய அரசன் பிலிப்பு வந்து ஊரைத் தன் கைக்குக் கொண்டுவந்தான், மதில் கட்டினான், தன் பெயரை வைத்தான். அப்புறம் டீச்சர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "பிலிப்பிங்கறது பன்மை சார். ஒரு பிலிப்பு இல்லை, பிலிப்புகள்."

ராஜா ஒருத்தர்தானே என்றேன்.

"ஒருத்தர்தான். ஆனா அதுக்கு முன்னாடி இருந்த பேரு ஊற்றுகள். அதுவும் பன்மை. பேரைத் துடைச்சுட்டான், அது நின்ன நிலையைத் துடைக்க முடியலை." உடனே விரலை உயர்த்தி, இது என் ஊகம், நிரூபிக்க முடியாது என்றும் சொன்னார். வகுப்பிலும் அப்படித்தானாம். ஊகத்தைச் சொல்லலாம், ஊகம் என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் அவர் எங்களையும் விடவில்லை. நாங்கள் இருந்த இடத்துக்கு அப்போது சரியான பெயர் கிடையாது. தொழிற்சாலை வேலைக்கென்று திருநெல்வேலி, திருச்சி, வேலூர் என்று பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், குவார்ட்டர்ஸை விட்டு இங்கே மனை வாங்கிக் கட்டிக்கொண்ட வீடுகள். குழாய் வராத காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் கைலியைக் கட்டிக்கொண்டு இறங்கி, கோவிலுக்குப் பக்கத்தில் தாங்களே ஒரு கிணறு வெட்டினார்கள். அதிலிருந்து ஆட்டோக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லோருக்கும் எங்கள் இடம் 'கெணத்தாண்ட'. பிறகு ஒரு புரமோட்டர் பின்பக்க நிலத்தைப் பிளாட் போட்டு விற்றார். முனையில் தன் குடும்பப் பெயரோடு ஒரு நகர் என்று போர்டு வைத்தார். ஒருநாள் ஆவடி ஸ்டாண்டில் புதிதாக வந்த ஆட்டோக்காரர் அந்தப் பெயரைச் சொன்னால்தான் தெரியும் என்றிருக்கிறார். டீச்சர் ஏறிய ஆட்டோவிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்தே வந்தார். வியர்வையோடு வந்து எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒரு வார்த்தை, சொல்லிட்டு ஏறி வந்திருக்கலாமே" என்றார் அம்மா.

"சொல்லியிருக்கலாம்மா. அப்புறம் தினமும் சொல்லணும்."

கோவிலில் எதைப் பார்த்தாலும் உபயம். பெஞ்சில், மேஜையில், குடத்தில், டியூப் லைட்டில் பெயர்கள். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் சிவப்பு பெயிண்டில் தகப்பன், தாய், மகன் என்று ஒரு குடும்பமே இருந்தது. ஓடும்போது படிக்க முடியாது, அதனால்தான் ஃபேனைப் பிடிக்கும் என்பார் டீச்சர். பீடத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் போதவில்லை என்று அவரும் ஒரு லைட் வாங்கிக் கொடுத்தார். யார் பெயர் எழுதுவது என்று கோவில் கமிட்டிப் பொருளாளர் கேட்டதற்கு, ஒன்றும் எழுதக்கூடாது என்றார். எழுதாமல் மாட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பொருளாளர் 'ஒரு சகோதரி' என்று எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறி, பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தார். பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரை எல்லோருக்கும் பிடித்தது என்று எழுதினால் பொய். பலருக்கு அவர் அருகில் உட்கார்ந்தால் ஒரு கூச்சம். பெண்கள் சங்கத்தில் சேர அவர் யார் மனைவியும் இல்லை, தாயும் இல்லை. கன்னியர்கள் வந்தால் அவர்களோடும் நிற்க முடியாது. தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிக்கும்போது 'டீச்சர்' என்று மட்டும் கடைசியில் தனியாக வரும். கோவிலில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் வாசக மேடை. வாசகத்துக்கு முன்னால் நாலு வரி முன்னுரை வாசிப்பது எங்கள் வழக்கம்; யார், யாருக்கு, எப்போது எழுதினார்கள் என்று சொல்லி, கவனமாகக் கேட்போம் என்று முடியும். மற்றவர்கள் அச்சிட்ட புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசிப்பார்கள். டீச்சர் தானே எழுதி வருவார். அந்த நாலு வரியில் ஊர் தெரியும், தெரு தெரியும், அங்கே என்ன விற்றார்கள் என்றுகூடத் தெரியும். குழந்தைகள் அழுவதை நிறுத்திவிட்டுக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் புரமோட்டர் ஒரு மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னார். கோவிலுக்குப் பக்கத்தில், அவர் செலவில். நிபந்தனை இரண்டு. மண்டபத்துக்கும் தெருவுக்கும் அவர் அப்பா பெயர். மண்டபத்துக்கு இடம் போதாததால் கிணற்றை மூடிவிட வேண்டும். மண்டபம் வேண்டாம் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். கல்யாணம், சாவு எதற்கும் பந்தல் போட்டு, மழை வந்தால் எல்லோரும் கோவிலுக்குள் ஓடுகிற நிலைமை. ஸ்டெல்லா அக்கா மகளுக்கு ஜனவரியில் நிச்சயதார்த்தம். மண்டபத்தில் முதல் விசேஷம் தன் வீட்டுடையது என்று அவர் முடிவே செய்துவிட்டார். கமிட்டி சம்மதித்தது. சம்மதித்ததோடு நிற்காமல், ஆயரின் மேற்றிராசனத்து அலுவலகத்திலிருந்து அனுமதி வருவதற்கு முன்பே கருங்கல்லில் பெயர்களை வெட்டிக் கொண்டுவந்து, கோவில் சுவரோரம் துணி போட்டு மூடி வைத்துவிட்டது. நாங்கள் எப்போதும் அப்படித்தான். வேலை தொடங்குவதற்கு முன்னால் எங்களுக்குக் கல் தயாராகிவிடும்.

கூட்டத்தில் எதிர்த்தவர் டீச்சர் ஒருவர்தான். மண்டபம் கட்டட்டும், கிணற்றுக்கு வலை போட்டு ஓரமாக விடலாம், பெயர் வேண்டாம் என்றார். ஸ்டெல்லா அக்கா எழுந்தார்.

"டீச்சருக்கு இன்னா. புள்ளையா குட்டியா? நாளைக்கு எம்பொண்ண எங்க உக்கார வெச்சு பூ வெப்பேன், இவங்க மாடிப்படிலயா?"

டீச்சர் அவரைப் பார்த்து, "என் வீட்டு மாடியில வைங்க. இடம் இருக்கு" என்றார். கிண்டல் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பங்குத்தந்தை முப்பது வயதுக்காரர். குருமடத்தில் டீச்சரிடமே லத்தீன் படித்தவர். அதனால் அவருக்குச் சங்கடம் அதிகம். அடுத்த ஞாயிறு புரமோட்டர் குடும்பத்தோடு பூசைக்கு வருகிறார், காணிக்கைப் பவனியில் முதலில் நடக்கிறார், பூசை முடிந்ததும் கல்லைத் திறக்கிறார் என்று ஏற்பாடு. வாசகப் பட்டியலின்படி அன்று இரண்டாம் வாசகம் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதப்பட்டது. வாசிக்கும் முறை டீச்சருடையது. இதை யாரும் திட்டமிடவில்லை. கமிட்டியில் ஒருவராவது பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் வாசகக் காலண்டரைப் பார்த்திருந்தால் வேறு ஞாயிறு வைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை நான் மைக் சரிபார்க்கப் போயிருந்தபோது ஃபாதர் டீச்சரை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். முன்னுரையில் வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். கடைசியில், "மீறினா, இனிமே வாசிக்க வேற ஆளைத்தான் போட வேண்டியிருக்கும் டீச்சர்" என்றார். டீச்சருக்கு அந்த மேடை என்ன என்பது ஃபாதருக்கும் தெரியும்.

டீச்சர், "வாசகத்தைப் பத்தி மட்டும்தான் சொல்வேன் ஃபாதர்" என்றார்.

ஞாயிறு. புரமோட்டர் முதல் பெஞ்சில், பட்டுச் சட்டை, பக்கத்தில் மனைவியும் இரண்டு மகன்களும். டீச்சர் எப்போதும்போல வெளிர்நீலப் பருத்திச் சேலையில் மேடைக்கு வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். காகிதத்தைப் பிரித்தார்.

"இன்றைய இரண்டாம் வாசகம் பிலிப்பி நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்டது. அந்த ஊருக்கு முதலில் இருந்த பெயர் ஊற்றுகள். தண்ணீரைக் கண்டு குடியேறியவர்கள் வைத்த பெயர் அது. பிறகு ஓர் அரசன் வந்தான். மதில் கட்டிக் கொடுத்தான். கொடுத்ததற்கு ஈடாக ஊருக்குத் தன் பெயரை வைத்தான். அவன் பெயர் இன்றும் நமக்குத் தெரியும். ஊற்றைக் கண்டவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது. அந்த ஊர்க்காரர்களிடம்தான் இந்த வாசகம், தனக்கென்று எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாத ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. கவனமாகக் கேட்போம்."

அதற்குப் பிறகு வாசகத்தை வாசித்தார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஃபாதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். புரமோட்டர் லத்தீன் படித்தவர் இல்லை; ஆனால் மனை விற்பவருக்கு இது புரியாமல் போகுமா? காணிக்கைப் பவனிக்கு அவர் எழவில்லை. பூசை முடிந்ததும் கல் இருந்த பக்கம் திரும்பாமல் நேரே காருக்குப் போனார். கமிட்டிக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். ஸ்டெல்லா அக்கா எல்லோருக்கும் முன்னால் ஓடினார், டீச்சருக்காகத் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டே.

கார்க் கதவைப் பிடித்தபடி புரமோட்டர் கமிட்டித் தலைவரிடம் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "கெணத்துத் தண்ணிய எறச்சுக் குடிச்ச ஜனத்துக்கு மண்டபம் கட்டித் தரேன்னு வந்தேன் பாருங்க, எம்மேல தப்பு."

ஸ்டெல்லா அக்கா நின்றுவிட்டார். அவருடைய மாமனார் அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் ஒருவர்.

"இன்னா சொன்ன? உன் பிளாட்டுல மொத மொத ஊடு கட்டச்சொல்ல எந்தத் தண்ணிய இஸ்துகினு போன? எங்க கெணத்துத் தண்ணி. லோடு லோடா. அப்ப இனிச்சுதா?" அவர் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறினார். "எம்பொண்ணு நிச்சயம் டீச்சர் மாடில நடக்கும். நீ வராத."

கார் போய்விட்டது. அன்று காலை உணவு புரமோட்டர் உபயம். பொங்கல் பொட்டலங்கள் மேஜையில் அடுக்கியிருந்தன. எல்லோரும் தொடத் தயங்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்து, "இதுல பேர் எழுதலை, சாப்பிடலாம்" என்றார்.

ஆனால் பூசை உடை மாற்றும் சக்ரீஸ்து அறையில் ஃபாதர் காத்துக்கொண்டிருந்தார். மைக்கை எடுத்துவைக்க நானும் அங்கே இருந்தேன். அவர் முகம் சிவந்திருந்தது, கோபத்தில் மட்டும் அல்ல. "சொன்னதைச் செய்ய வேண்டியதா இருக்கு டீச்சர். அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆள்."

"சொன்னதைச் செய்யறது சரிதான் ஃபாதர்" என்றார் டீச்சர். "நானும் அதைத்தான் செஞ்சேன்."

அந்த வீட்டில் அவர் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார். பிறகு திண்டுக்கல் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனவரைப் பற்றித் தகவல் இல்லை. கிணறு இருக்கிறது, வலை போட்டு. மண்டபம் சின்னதாக, தகரக் கூரையோடு, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் கட்டியது. இப்போது ஒரு புதிய கமிட்டி, புதிய போர்டு, புதிய பெயர் என்று பேச ஆரம்பித்திருக்கிறது. நடக்கட்டும். அவர்கள் கூட்டத்தில் நானும் பேசுவேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நான் டீச்சரின் மாடிக்குப் போனேன். டீச்சர் மறுநாள் வகுப்புக்கான சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இனி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் சேலையின் மடிப்பை நீவிவிட்டார்.

"எங்கே உட்காரணும்னு தெரியாமத்தான் சார் இத்தனை வருஷம் அங்கே போய் நின்னேன்."

அடுத்த மடிப்பையும் தேய்த்து முடித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அடுத்த ஞாயிறு வாசகமும் அதே ஊருக்கு எழுதப்பட்டதுதான், முன்னுரை எழுதிவிட்டேன், யார் படிக்கிறார்களோ படிக்கட்டும் என்றார். அவர் குரலில் அழுகை இல்லை. அந்தத் தாளை ஃபாதரிடம் தன் கையால் கொடுக்கப்போவதாகவும், வாங்கமாட்டேன் என்றால் அதற்கடுத்த வாரத்துக்கு இன்னொன்று எழுதிக்கொண்டு போவதாகவும் சொன்னார். நான் இறங்கும்போது ஸ்டெல்லா அக்கா படியேறி வந்துகொண்டிருந்தார். மாடியை அளந்து பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் திங்கள். காலையில் முதலில் நடந்தது இது. நான் வேலைக்குக் கிளம்பி, ஷேர் ஆட்டோவுக்காகக் கோவில் வழியாக வந்தேன். ஃபாதர் வீட்டு கேட்டில், குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். கையில் டீச்சர் எழுதிய தாள். உள்பக்கம் ஃபாதர், பல் துலக்கும் பிரஷ்ஷோடு.

"அடுத்த வாரம் ரெண்டாவது வாசகம் நான் படிக்கிறேன் ஃபாதரு. வேற ஆளுதான கேட்டீங்கோ, நான் வேற ஆளு. இதுல இன்னா எழுதிக்கீதோ அத்த அப்டியே படிப்பேன்."

"உங்களுக்கு வாசிக்க வருமாம்மா?" என்றார் ஃபாதர், வாயில் நுரையோடு.

"எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆண்டவருக்கு இன்னா அவசரம்?"

ஃபாதர் பதில் சொல்வதற்குள், ஸ்டெல்லா அக்கா ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தெருவுக்கே கேட்கும்படி, முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.